மரவேலைக் கொட்டில்

தள்ளாடியில் வங்காலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வீதியோரத் தளபாடக் கடையில் இரண்டு பொடியன்கள் மின்சாரச் சீவுளியால் கதவு நிலை ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார்கள். காதை அடைக்கிற சத்தம். தூள் பறந்து குடையெல்லாம் படிந்தது. கொஞ்சம் தள்ளி நிற்போம் என்று காலெடுத்தபோதுதான் அந்த மணம் வந்தது. பச்சை வேம்பைச் சீவும்போது வருகிற மணம். கசப்பும் அடியில் மெல்லிய இனிப்புமாகத் தொண்டையில் போய் நிற்கும். முதிரைக்கோ தேக்குக்கோ அது கிடையாது. பஸ் வந்து, நின்று, போய்விட்டது. நான் அடுத்த பஸ்ஸில்தான் ஊருக்குப் போனேன்.

நான் படித்த காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கடற்பக்கமாக, ஒரு கொட்டில் இருந்தது. பனஞ்சிலாகையில் ஓலை வேய்ந்த கூரை. மூன்று பக்கமும் அரைச்சுவர், நான்காவது பக்கம் வெறும் வெளி. சோளகம் அடிக்கும் மாதங்களில் அதற்குள் இருந்தால் வாயெல்லாம் மணல். உள்ளே இரண்டு தச்சு வாங்குகள் கிடந்தன. தடித்த பலகை, விளிம்பில் இரும்புக் கவ்வி. 1960இல் சட்டம் வந்து மிஷன் பள்ளிக்கூடங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போவதற்கு முன்பே, சுவாமிமார் காலத்தில் செய்வித்த வாங்குகள் அவை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அவற்றின் மேல் எத்தனையோ பொடியன்களின் வாள் பட்ட தழும்புகள்.

கொட்டிலின் ஒரு பாதி பொடியன்களின் மரவேலைக்கு. மற்றப் பாதியில் பாய் விரித்துப் பெண் பிள்ளைகள் நாங்கள் பன்னவேலை செய்வோம். சார்வோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, நகத்தளவு அகலத்தில் வார்ந்து, சாயம் காய்ச்சித் தோய்த்து எடுத்துப் பெட்டி இழைக்கத் தொடங்குவோம். நீத்துப்பெட்டி, மூடுபெட்டி, பிறகு கடகம். ரீச்சர் அடியைத் தொடக்கித் தந்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு, யார் கை எங்கே பிழைக்கிறது என்று பார்த்தபடி இருப்பா. பிழைத்தவளிடம் வாயால் ஒன்றும் சொல்லமாட்டா. வந்து பக்கத்தில் குந்தி, பிழைத்த இடம் வரைக்கும் பிரித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவா. ஏன் பிரித்தா என்பதை நாங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அது 1972க்குப் பிந்திய காலம். பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தார். பாடத்திட்டம் தலைகீழாக மாறியிருந்தது. க.பொ.த. சாதாரண தரத்தை எடுத்துவிட்டுத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் என்று ஒரு பரீட்சையைக் கொண்டுவந்தார்கள். 1975இல் அது முதல் தடவை நடந்தது. அதோடு வந்தவைதான் தொழில் முன்னிலைப் பாடங்கள். அந்தந்த ஊரில் என்ன தொழில் நடக்கிறதோ, அதன் கருவி, மூலப்பொருள், செலவு, சந்தை எல்லாவற்றையும் பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தச்சும் வயலும் கடலும் கரும்பலகைக்கு வந்தன.

ஊரில் இதற்கு நல்ல பேச்சு விழுந்தது. "வலை பின்னிறதுக்கோ பிள்ளையைப் பள்ளிக்கு விடுறம்? அதை வாடியிலயே படிப்பான்" என்று என் ஐயா கோபப்பட்டது நினைவிருக்கிறது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. வள்ளத்தை விட்டு மகன் மேசைக்குப் போகவேண்டும் என்று உப்புத் தண்ணீரில் நின்று உழைத்தவர் அவர். கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இப்படித்தான் வலை பின்னுகிறார்களா என்று அவர் கேட்டதற்கு எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இருக்கவில்லை. ஆனால் அந்தக் கொட்டிலுக்குள் என்ன நடந்தது என்பதை ஐயா பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

என் பெரியம்மாவின் மூத்தவனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. அதனால் பேச்சும் வரவில்லை. என்னைவிட இரண்டு வயது பெரியவன், எனக்கு அண்ணன். ஆறு வயதில் பெரியம்மா அவனுக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை இழுத்து, பள்ளியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனா. "இவனை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது அக்கா? பாவம், வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்று இரக்கமாகத்தான் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். கண் தெரியாத பிள்ளை, கால் இழுக்கிற பிள்ளை, புத்தி மெதுவான பிள்ளை எல்லோரும் வீட்டில்தான். ஆடு பார்ப்பார்கள், கருவாடு காவல் காப்பார்கள். விருந்தாட்கள் வந்தால் அறைக்குள் போய்விட வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் சில வீடுகளில் கூட்டிவரமாட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு வயதில் அண்ணன் தானாகவே கொட்டிலுக்கு வந்தான். அரைச்சுவருக்கு வெளியே நின்று நாடியைச் சுவரில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருப்பான். மரவேலை மாஸ்ரர் அவனைத் துரத்தவும் இல்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. ஒரு நாள் ஒரு மரத்துண்டையும் ஒரு கிழிசல் அரத்தாளையும் கொண்டுவந்து அவன் நாடிக்குப் பக்கத்தில் சுவரில் வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். பாடம் முடிகிற வரைக்கும் அண்ணன் அதைத் தேய்த்தான். மறுநாள் வேறொரு துண்டு. எப்போது சுவரின் உள்பக்கம் வந்தான் என்று எங்களில் ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. இடாப்பில் அவன் பெயர் கடைசிவரை ஏறவில்லை. ஆனால் அவனுடைய வாள் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

மற்றவன் சீவுளி பிடிக்கும்போது அண்ணன் தன் இடது உள்ளங்கையை வாங்கின் மேல் விரித்து வைப்பான். அலகு ஒழுங்காக ஓடினால் பலகையில் ஒரே சீரான நடுக்கம் வருமாம். அலகு கூட இறங்கியிருந்தாலோ, மரத்தின் ஓட்டத்துக்கு எதிராகச் சீவினாலோ நடுக்கம் துள்ளித் துள்ளி வரும். உடனே விரலால் வாங்கில் இரண்டு தட்டுத் தட்டுவான். சீவுகிறவன் நிறுத்த வேண்டும். அண்ணன் சீவுளியை வாங்கி, கவிழ்த்து ஒரு கண்ணை மூடி அடியை நோக்கி, ஆப்பை மரச்சுத்தியலால் இலேசாகத் தட்டி, அலகை மயிரிழை உயர்த்திக் கொடுப்பான். அடுத்த இழுப்பில் சுருள் அறாமல் வாலாக வந்து விழும். நாங்கள் காதால் பிடிக்கத் தவறியதை அவன் கையால் பிடித்தான். கொஞ்ச நாளில், பரீட்சைக்கு மாதிரி செய்கிற பொடியன்கள் தங்கள் சீவுளிகளைக் கொண்டுவந்து அவன் முன்னால் வரிசையில் நின்றார்கள். "எட, இதை ஒருக்காப் பார்" என்று வாயாலும் சொல்லி, கையாலும் காட்டுவார்கள். வாயால் சொன்னது பழக்கத்தில்.

பன்னவேலைப் பக்கத்திலும் அப்படி ஒருத்தி இருந்தாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடப் போகிறோம் என்று அவள் வீட்டில் ஒவ்வொரு தவணையும் சொல்வார்கள். எழுத்து அவள் கண்ணில் நிற்காது. கூட்டல் கணக்கு எழுதச் சொன்னால் அழுவாள். அதே பிள்ளை மூன்று நிற ஓலையில் கண் விட்டுக் கண் எடுத்து, கடகத்தின் சுற்றுக்கு எத்தனை ஓலை வேண்டும் என்று இழைக்கத் தொடங்குமுன்பே எண்ணி வைத்துவிடுவாள். மிஞ்சாது, குறையாது. ரீச்சர் அவளுடைய வேலையை மட்டும் ஒருநாளும் பிரித்ததில்லை.

காது கேளாதவனுக்கு எங்கள் ஊர் அப்படியொன்றும் கடினமான ஊர் அல்ல என்றும் எனக்கு இப்போது படுகிறது. கடலில் ஒரு வள்ளத்துக்கும் மற்ற வள்ளத்துக்கும் இடையில் பேச்சு எட்டாது. இயந்திரம் ஓடினால் ஒரே வள்ளத்துக்குள்ளும் எட்டாது. எங்கள் ஆட்கள் கையால்தான் பேசுவார்கள்: வலையை இழு, விடு, மீன் இருக்கு, திருப்பு. அண்ணன் கரையில் நின்றே அவற்றைப் படித்துவிட்டான். கொட்டில் பொடியன்கள் அவற்றோடு தங்கள் சைகைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். மாஸ்ரர் வருகிறார் என்பதற்கு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடும் சைகை.

அவனுக்குப் பத்து வயது இளைய தங்கை ஒருத்தி பிறந்தாள். அவளுக்கும் காது கேளாது. இந்த முறை பெரியம்மா சும்மா இருக்கவில்லை. கைதடியில் நவீல்ட் பள்ளிக்கூடம் இருக்கிறது, காது கேளாத பிள்ளைகளும் கண் தெரியாத பிள்ளைகளும் அங்கே தங்கிப் படிக்கலாம் என்று யாரோ ஒரு சிஸ்டர் சொல்லியிருந்தா. 1912இல் மேரி சப்மன் என்ற ஆங்கிலப் பெண்மணி தெற்கில் தொடங்கிய, இன்று இரத்மலானையில் இருக்கிற பள்ளிதான் இந்த நாட்டில் அத்தகைய பிள்ளைகளுக்கு முதலாவது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கிலிக்கன் திருச்சபையாரின் கைதடிப் பள்ளி பெரிய வாசலாக இருந்தது. எங்கள் ஊரிலிருந்து அதற்குப் போவது ஒரு பயணம்தான். மன்னார் வந்து, விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் என்று பஸ் ஆடி ஆடிப் பூநகரியைப் பிடிக்கும். பிறகு சங்குப்பிட்டியில் இறங்கிப் பாதை என்கிற மிதவையில் ஏறி, கடலேரியைக் கடந்து கேரதீவில் கால்வைக்க வேண்டும். இப்போது அங்கே பாலம், 2011இல் திறந்தார்கள். அன்று பாதையில் லொறியும் மாடும் மூட்டையும் நாங்களும் ஒன்றாக மிதந்தோம்.

துணைக்கு நானும் போயிருந்தேன். கைதடியில் நான் முதன்முதலாகப் பார்த்தது, ஒரு சிறுமி மடியில் தடித்த தாளை வைத்துப் புள்ளிகளை விரலால் தடவிப் படித்ததை. அவள் நெற்றி சுருங்குவதையும் விரிவதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பும்போது தங்கை அழவில்லை. பெரியம்மாதான் பாதையில் ஏறியதிலிருந்து பூநகரி வரும்வரை அழுதா.

விடுமுறைக்கு வந்த தங்கை தன் பெயரை எழுதினாள். அம்மா, அப்பா, மீன், பள்ளி எல்லாம் எழுதினாள். ஆனால் வீட்டுச் சைகைகள் பாதி அவளுக்கு மறந்துபோயிருந்தன. பள்ளிச் சைகைகள் வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. அண்ணன்தான் இடையில் நின்றான். முற்றத்து மணலில் அவள் ஓர் எழுத்தை எழுத, அவன் மரத்தை அளக்கிற மாதிரி அதைக் கண்ணால் அளந்து அப்படியே திருப்பி எழுதுவான். அவனுக்கு எழுத்து அந்த முற்றத்தில்தான் வந்தது. ஊர் விட்டுப் போனவளுக்கு எழுத்தும், ஊரோடு நின்றவனுக்குத் தொழிலும் கிடைத்தன. இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழ், சொந்த ஊரில் கொடுக்க முடியாதா என்று பெரியம்மா கேட்பா. அந்தக் கேள்விதான் பிறகு என்னை ஆசிரியையாக்கியது.

1977இல் ஆட்சி மாறியது. பழைய க.பொ.த. திரும்பி வந்தது. தொழில் முன்னிலைப் பாடங்கள் போயின. பெற்றோருக்கு நிம்மதி. கொட்டிலில் இரண்டு மேலதிக வகுப்புகளை வைத்தார்கள், வாங்குகளைச் சுவரோரம் தள்ளினார்கள். அண்ணன் சில நாள் வந்து பார்த்துவிட்டு நின்றுகொண்டான். பெட்டி இழைத்தவள் அந்தத் தவணையோடு நின்றாள். இருவரைப் பற்றியும் எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை. இடாப்பில் இல்லாதவன் விலகினால் எப்படித் தெரியவரும்?

பிறகு வந்த யுத்த வருடங்களை நான் இங்கே நீட்டப்போவதில்லை. 1985 தை 6ஆம் திகதி எங்கள் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் வங்காலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் மடுவுக்கும், வள்ளமேறி இராமேஸ்வரத்துக்கும் சனம் சிதறியது. அண்ணன் மண்டபம் முகாமில் இருந்தான். பாம்பன் பக்கத்தில் படகு கட்டுகிற இடங்களில் கூலிக்கு நின்றான். ஊர் திரும்பிய நாங்கள் கொட்டில் இருந்த இடத்தில் தூண் நட்ட குழிகளையும் துருப்பிடித்த கவ்வி ஒன்றையும் கண்டோம். வாங்குகள் யாருடைய அடுப்புக்குப் போயினவோ, போகட்டும். அந்தக் காலத்தில் அடுப்பு எரிந்ததே பெரிது.

சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனுடையோரின் உரிமைகளைப் பற்றிப் பேசியது. 1998 முதல் ஐந்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கு வருவது கட்டாயமாயிற்று. பிறகு அது பதினாறு வரை நீண்டது. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சாசனத்தை இலங்கை ஏற்று உறுதிசெய்தது. பள்ளிக்கூடங்களில் விசேட கல்வி அலகுகள் திறந்தார்கள். நானும் அதற்கான பயிற்சி எடுத்து, மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் அலகில் வேலைக்குச் சேர்ந்தேன். "வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்று இன்று ஒருவரும் ஒரு தாயிடம் சொல்ல முடியாது. இது சின்ன மாற்றம் அல்ல. பெரியம்மா அந்த வெள்ளைச் சேட்டை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்ததைப் பார்த்த எனக்கு அதன் பெறுமதி தெரியும்.

ஆனால் அலகு என்பது பெரும்பாலும் கட்டடத்தின் கடைசி அறை. சுவரில் படங்கள், மூலையில் விளையாட்டுப் பொருள்கள், ஒரு கதவு. அந்தக் கதவு வழியாக மற்றப் பிள்ளைகள் உள்ளே வருவதில்லை. அலகுக்கு ஒரு வாங்கும் சில உளிகளும் சீவுளியும் வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். அலகுக்குரிய பொருள்களின் பட்டியலில் அவை இல்லை என்று பதில் வந்தது. பாதுகாப்பும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அலகில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் மீன் வெட்டுகிற கத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பார்கள்.

பயிற்சிக் காலத்தில் படித்த ஒன்று அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் தன் சிறுவர் இல்லத்தைத் தொடங்குமுன், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடுதான் வேலை செய்தார். தொட்டு, தூக்கி, அடுக்கி, பொருத்திப் படிக்கிற பொருள்கள் முதலில் அவர்களோடுதான் பழகின. அவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று அங்கிருந்துதான் கண்டுகொண்டார். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து எத்தனையோ ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு நல்லதென்று செய்தது எல்லோருக்கும் நல்லதாயிற்று. எங்கள் கொட்டிலில் இது மறுபக்கமாக நடந்தது: எல்லோருக்கும் என்று வைத்த வாங்கு, ஒதுக்கப்பட்டவனுக்கு இடம் கொடுத்தது. கொட்டிலில் அறை ஒன்றுதான். பிள்ளைகளைப் பிரிக்கிற சுவர் இல்லை. விசேட கல்வியில் இத்தனை வருடம் நின்றவள் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: கைவேலை உள்ள பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் தேடவேண்டியதில்லை, அது தானாக உண்டாகும்.

மன்னார் நகரத்தில் கழுதைகளுக்கென்று ஒரு மருத்துவ நிலையம் வைத்தார்கள். தெருவில் திரிந்த, பொதி சுமந்து ஓய்ந்த கழுதைகளுக்கு மருந்து கட்டுகிற இடம். விசேட தேவையுள்ள பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் கழுதைகளோடு பழகவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு வீடாக ஒளித்து வைத்திருந்த பிள்ளைகள், ஊரே விரட்டிய ஒரு பிராணியின் கழுத்தைத் தடவிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் நிற்கிறார்கள். என் சின்ன வயதில் மன்னாரில் அதைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

அண்ணன் இப்போது ஊரில்தான் இருக்கிறான். மரவள்ளங்கள் குறைந்து பைபர் படகுகள் வந்துவிட்டன. அந்த வேலையையும் பார்த்தே படித்துவிட்டான்; வெடித்த படகைத் தட்டிப் பார்க்காமல் தடவிப் பார்த்தே எங்கே உள்ளே பிளந்திருக்கிறது என்று கீறிக் காட்டுவான். தங்கை யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்து இருக்கிறாள். கைத்தொலைபேசியில் முகம் பார்த்து இரண்டு பேரும் கையால் பேசுகிறார்கள். ஒரு காலத்தில் தொலைபேசி என்பது எங்கள் குடும்பத்தில் இந்த இருவருக்கு மட்டும் உதவாத பொருள். இன்று இரவு நெடுநேரம் அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் அவனை அலகுக்குக் கூட்டிப்போனேன். அதிபர் நல்ல மனிதர். பட்டியலைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்தார். சக்கர நாற்காலியில் வருகிற ஒரு பொடியனுக்கு வாங்கு செய்ய வேண்டும். நான் வழக்கமான உயரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் அதை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துவிட்டுப் பொடியனுக்கு முன்னால் முழங்காலில் நின்றான். நாற்காலியின் கைப்பிடியிலிருந்து நிலம்வரை ஒரு கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டான். பொடியனின் முழங்கை மடிகிற இடத்தில் இன்னொரு முடிச்சு. கையை எட்டுமட்டும் நீட்டச் சொல்லி மூன்றாவது முடிச்சு. அந்தக் கயிற்றை வைத்துத்தான் பலகை அறுத்தான்.

வியாழக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையும் அவனுக்கு. கதவைத் திறந்து வைத்திருந்தோம். முதலில் யன்னலில் தலைகள் தெரிந்தன, பிறகு வாசலில். எட்டாம் வகுப்புப் பொடியன் ஒருவனின் தாய் வந்து, "ரீச்சர், என்ர மகனையும் இந்த வகுப்பில விடலாமோ? அவன் நல்லாப் படிக்கிறவன்தான், ஆனா வியாழக்கிழமை வந்தா இங்கதான் நிற்கிறான்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டா. அதிபர் நேரசூசியைக் கொண்டுவரச் சொன்னார். எட்டாம் வகுப்பின் செயன்முறைப் பாடத்தை வியாழனுக்கு மாற்றி, அலகின் அறைக்கு எதிரே பென்சிலால் எழுதினார். நான் ஓய்வு பெற்றபோது அது மையால் எழுதியிருந்தது.